தானம்னா பர்ஸ் மட்டும் தானா?

ஆசிரியருக்கு வணக்கம்,

தானம்னாலே எல்லாரும் பர்ஸைத் தான் தடவிப் பாக்குறோம், நானும் அப்படித்தான். 'பி மை ஐஸ்'னு ஒரு ஆப், 2015ல வந்தது, பார்வை இல்லாதவங்க வீடியோ கால் போட்டா பேரு பதிஞ்சு வச்சிருக்கிற யாராவது ஒருத்தருக்கு கனெக்ட் ஆகும், அப்படி போன மாசம் எனக்கு ஒரு கால் வந்துச்சு. அவர் கையில மாத்திரை அட்டை, கிட்ட கொண்டு வந்தா மங்கல், தள்ளி வச்சா எழுத்து பொடிசு, கொஞ்சம் சாய்ங்க சார், இன்னும் கொஞ்சம்னு சொல்லிச் சொல்லி ஒருவழியா எக்ஸ்பைரி தேதிய படிச்சிட்டேன். மொத்தமே ரெண்டு நிமிஷம். தேங்க்ஸ்னு வச்சிட்டாரு, எனக்குத் தான் அன்னிக்கு வேற வேலையே ஓடல.

டிசம்பர் 5 தன்னார்வலர் தினம்னு ஐநா 1985லயே அறிவிச்சாச்சு, நாம ஸ்டேட்டஸ் போடுறதோட சரி. செக் எழுதுறது ஈஸிங்க, ஒருத்தர் சொன்ன கதையவே நாலாவது தடவ சொல்லும்போது மணி பாக்காம கேக்குறது தான் கஷ்டம் (எங்க அப்பா கிட்டயே நான் அதை ஒழுங்கா செஞ்சதில்ல). நன்கொடை குடுத்தவங்க பேர் போடுற பக்கத்துலயே, பார்வை இல்லாதவங்க சொல்லச் சொல்ல பரீட்சை எழுதிக் குடுக்க ஆள் வேணும், ஆஸ்பத்திரில துணைக்கு உக்கார ஆள் வேணும்னு ஒரு சின்ன பெட்டி போடுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்