கடுங்காப்பியோடு ஓடுகிற பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. சென்ற ஆண்டு என்னிடம் 3000 மீட்டர் ஓடிய பிளஸ் ஒன் மாணவி, ஐந்து மாதமாக மாதவிலக்கு வரவில்லை என்று சொன்னாள். "கடுமையாப் பயிற்சி எடுத்தா அப்படித்தான், போட்டி நேரத்துல தொல்லை இல்லைன்னு நினைச்சுக்கோ" என்றேன். சொன்னது நானேதான்.

அவள் அம்மா பயந்துபோய் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. மாத்திரை சாப்பிட்டதும் வந்தது, விட்டதும் நின்றது. அப்புறம் கணுக்காலுக்கு மேலே எலும்பில் கீறல். எலும்பு டாக்டர்தான் முதன்முதலில் கேட்டார், "காலையில என்ன சாப்பிட்டுட்டு ஓடுறே?" கடுங்காப்பி. ஓடி முடித்து இரண்டு இட்லி. சோறு தின்றால் உடம்பு கனக்கும் என்று ராத்திரிக்கு இரண்டே தோசை. அந்தச் சோற்று யோசனையும் என்னுடையதுதான்.

கர்ப்பப்பையில் கோளாறே இல்லை. மேலிருந்து உத்தரவு வரவில்லை, அவ்வளவுதான். மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ் மணிக்கொரு தடவை, ஒன்றரை மணிக்கொரு தடவை என்று விட்டுவிட்டு ஒரு ஹார்மோனைச் சுரக்கும். அந்தத் துடிப்பை வைத்துத்தான் பிட்யூட்டரி சுரப்பி சினைப்பையை வேலை வாங்குகிறது. ஓட்டத்துக்குச் செலவானது போக உடம்புக்கு மிச்சம் பற்றவில்லை என்றால் துடிப்பு மந்தமாகிவிடும். சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் இறங்கும், அதனால் எலும்பும் தேயும்.

அமெரிக்காவில் ஆன் லவுக்ஸ் 2003இல் வெளியிட்ட ஆய்வில், இதற்கு ஐந்தே நாள் போதுமானதாக இருந்திருக்கிறது. பயிற்சிச் செலவு போக ஒரு நாளைக்கு மிஞ்சுவது, கொழுப்பு நீக்கிய எடையில் கிலோவுக்கு 30 கலோரிக்குக் கீழே போனதும் துடிப்பு தடுமாறியிருக்கிறது. (எல்லா உடம்புக்கும் அதே கோடு என்று பிடித்துக்கொள்ள வேண்டாம்.) என் மாணவிக்குக் கணக்குப் போட்டேன். எடை 48 கிலோ, கொழுப்பு போக 40 இருக்கலாம். சாப்பிட்டது தோராயமாக 1500 கலோரி, பயிற்சிக்கு 500 போனால் மிச்சம் 1000. கிலோவுக்கு 25தான்! எடை மட்டும் குறையவே இல்லை. அதனால்தான் எனக்குப் பிடிபடவில்லை.

2022இல் வந்த காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். சத்துணவு பத்தாம் வகுப்போடு சரி. பதினாறு வயதில் விடிகாலையில் மைதானத்துக்கு வருகிற பிள்ளைக்கு இரண்டுமே இல்லை. ஓடுவதற்கு முன் ஒரு வாழைப்பழம், ஓடி முடித்ததும் கடலை மிட்டாயும் அவித்த முட்டையும் இப்போது என் கைக்காசில் நடக்கிறது. பயிற்சிக்கு வரும் மாணவிகளுக்காவது இதை அரசே தரலாமே.

அவளுக்கு மூன்று மாத ஓய்வுக்கும் சோற்றுக்கும் பிறகு, மாத்திரை இல்லாமலே வந்தது. வருகைப் பதிவேட்டில் இப்போது தேதியையும் குறித்து வைக்கிறேன்.

உடற்கல்வி ஆசிரியை,
தென்காசி மாவட்டம்