விடைக்குறிப்பை யார் திருத்துவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினியே திருத்தும் நிரல் (புரோகிராம்) தேர்வுகளில் பிள்ளைகள் காரணம் தெரியாமல் மதிப்பெண் இழப்பது பற்றி உங்கள் வாசகர் பக்கத்தில் கடிதங்கள் பார்த்தேன். பிளஸ் டூ மாணவர்களுக்குக் கணினி அறிவியல் நடத்துகிறவள் நான். என் கண்ணெதிரே நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

போன மாதம் பழைய மாணவன் ஒருவன் லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தான். பொறியியல் இரண்டாம் ஆண்டு. பைத்தான் என்ற நிரல் மொழியின் லேப் தேர்வில் ஒரு கேள்விக்குப் பூஜ்யம். "என் சிஸ்டத்துல சரியாத்தான் மிஸ் வருது" என்றான். பழங்களின் பட்டியலில் இரண்டு முறை வரும் பெயர்களை நீக்கி, செட்டாக, அதாவது ஒரு பெயர் ஒரு முறையே இருக்கும் தொகுப்பாக, அச்சிட வேண்டும், அவ்வளவுதான் கேள்வி. ஓட்டச் சொன்னேன். மா, வாழை, பலா என்று வந்தது. மறுபடி ஓட்டினான். பலா, மா, வாழை. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

செட்டுக்கு வரிசை கிடையாது. அதிலும் 2012-இல் வந்த பைத்தான் 3.3 முதல், சொற்களின் ஹாஷ் மதிப்பு, அதாவது ஒரு சொல்லை எங்கே வைப்பது என்று பைத்தான் முடிவு செய்ய உதவும் எண், ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறும்படி வைத்திருக்கிறார்கள். அதனால் அச்சாகும் வரிசையும் மாறலாம். விஷமிகள் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த சொற்களை அனுப்பி சர்வரைத் திணறடிக்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. விடைக்குறிப்பு தயாரித்தவரோ, தன் திரையில் ஒரு தடவை வந்ததை அப்படியே ஒட்டிவிட்டிருக்கிறார் போலிருக்கிறது. வரிசை ஒத்துப்போனவர்களுக்கு மதிப்பெண், மற்றவர்களுக்குப் பூஜ்யம். குலுக்கல் சீட்டு மாதிரிதான்.

மொழியை உருவாக்குகிறவர்களுக்கும் இந்தத் தலைவலி உண்டு. பைத்தானோடு கூடவே வரும் டாக்டெஸ்ட் என்ற சோதனைக் கருவி, நாம் எழுதிவைத்த விடையோடு நிரலின் வெளியீட்டை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். வரிக் கடைசியில் ஒரு ஸ்பேஸ் கூடினாலும் தப்பு என்று சொல்லிவிடும். ஆனால் செட்டை அச்சிட்டுச் சோதிக்காதீர்கள், இரண்டு செட்டும் சமமா என்று கேளுங்கள் என அதன் கையேட்டிலேயே எச்சரித்திருக்கிறார்கள். பிஎச்பி என்ற இன்னொரு நிரல் மொழியின் சோதனைக் கோப்புகளில் எக்ஸ்பெக்ட் என்று தலைப்பிட்டால் விடை அச்சு அசலாக இருக்க வேண்டும். எக்ஸ்பெக்ட்எஃப் என்று தலைப்பிட்டால் மாறக்கூடிய எண் வரும் இடத்தில் சதவீதக் குறியும் டி எழுத்தும் போட்டு விட்டுக்கொடுக்கலாம். எங்கே கறார், எங்கே தளர்வு என்பதைச் சோதனையை எழுதுகிறவர்தான் யோசித்து முடிவு செய்கிறார்.

நானும் யோக்கியம் இல்லை. ரெக்கார்டு நோட்டில் 'வெளியீடு' என்ற இடத்தில், திரையில் வந்ததைப் பார்த்து எழுதத்தான் வருஷக்கணக்காக விட்டிருந்தேன். இந்த வருஷம் ஓட்டுவதற்கு முன்பே பென்சிலில் எழுதச் சொன்னேன். 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன? எல்லா நோட்டிலும் 3. திரையிலோ 5! "கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியல மிஸ்" என்றாள் ஒருத்தி. த, ம, மகரத்தின் மேல்விலங்கு, ழ, புள்ளி என ஐந்தும், எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் தனித்தனிக் குறிகள். பைத்தான் எண்ணியது அவற்றை. பிள்ளைகள் எண்ணியது எழுத்துகளை. 'எத்தனை எழுத்து' என்று கேள்வி இருந்தால் விடைக்குறிப்பில் எதைப் போடுவது? அன்றைய பீரியட் முழுக்க அதிலேயே போய்விட்டது. முன்பு மாதிரி பார்த்து எழுதியிருந்தால் யாரும் வாயே திறந்திருக்க மாட்டார்கள்.

கல்லூரிகள், நிறுவனங்களின் தேர்வுக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். விடையை முதலில் கையால் கணக்கிட்டு எழுதுங்கள், பிறகு நிரலை நாலைந்து தடவை ஓட்டிப் பாருங்கள். பூஜ்யம் போட்டால், எதிர்பார்த்த வெளியீட்டையும் மாணவரின் வெளியீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். பிஎச்பி சோதனை தோற்றால்கூட இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தனிக் கோப்பாகவே எழுதித் தருகிறது.

அந்தப் பையன் மனு கொடுத்திருந்தான். 'கணினி திருத்தியது என்பதால் மறுமதிப்பீடு கிடையாது' என்று பதில் வந்திருக்கிறதாம்.

இப்படிக்கு,
ஒரு கணினி ஆசிரியை,
ராஜபாளையம்.