எத்தனை கிலோவாட் என்று கேட்பதற்கு முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

எரிசக்தியைச் சிக்கனமாகச் செலவிடும் புது வீடுகள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை தடிமனான வெப்பக்காப்பு, மூன்றடுக்குக் கண்ணாடி, வெளியிலுள்ள சூட்டை மின்சாரத்தால் வீட்டுக்குள் இழுத்துத் தரும் ஹீட் பம்ப் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு நின்றுவிட்டது. குளிர்நாட்டில் வீடு கட்டப்போகும் ஒருவர் அதைப் படித்த கையோடு ஹீட்டர் விற்பவரிடம் போய், "150 சதுர மீட்டர் வீடு, எத்தனை கிலோவாட் வேண்டும்?" என்றுதான் கேட்பார். சிக்கலே அந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது. சதுர மீட்டருக்கு 100 வாட் என்று பெருக்கி 15 கிலோவாட் என்று எழுதிக் கொடுப்பது, சுவரிலும் ஜன்னலிலும் சூடு ஒழுகிய பழைய வீடுகளுக்கு ஏற்பட்ட பழக்கம்.

புது வீட்டுக்குக் கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். உள்ளுக்கும் வெளிக்கும் 1 டிகிரி வித்தியாசம் இருந்தால் 1 சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் வெளியேறும் என்பதே யூ மதிப்பு. 180 சதுர மீட்டர் சுவர், யூ 0.15 என்றால் 27 வாட். கூரை 90 சதுர மீட்டர், 0.10, ஆக 9. தரை 80 சதுர மீட்டர், 0.15, ஆக 12. மண் வெளிக்காற்றைப் போல உறைவதில்லை, ஆகவே அதில் பாதி, 6. ஜன்னல் 30 சதுர மீட்டர், 0.8, ஆக 24. வாசற்கதவு 2. கூட்டினால் டிகிரிக்கு 68 வாட். மூலைகளிலும் பால்கனி பலகையிலும் வெப்பக்காப்பு அறுபடாமல் கட்டியிருந்தால்தான் இந்த எண் நிற்கும்.

அடுத்தது காற்று. ஆளுக்கு மணிக்கு 30 கன மீட்டர் புதுக்காற்று வீதம் நாலு பேருக்கு 120. ஒரு கன மீட்டர் காற்றை 1 டிகிரி சூடேற்ற 0.33 வாட்மணி பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வைத்தே அந்தக் காற்றைக் கொண்டுவந்தால் டிகிரிக்கு 40 வாட் போகும். வெளியேறும் காற்றின் சூட்டில் 80 சதவீதத்தை உள்ளே வரும் காற்றுக்குக் கைமாற்றும் வெப்பமீட்புக் கருவி இருந்தால் 8 வாட்தான். கசிவு தனி. வீட்டின் கொள்ளளவு 375 கன மீட்டர். விசிறியால் உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் (அழுத்த அலகு) வித்தியாசம் உண்டாக்கிக் கசிவை அளக்கும் சோதனையில் மணிக்கு 0.6 முறை காற்று மாறும் வீடு என்றால், சாதாரண நாளில் கசிவால் போவது சுமார் 4 வாட். எல்லாம் சேர்த்து டிகிரிக்கு 80 வாட். வெளியே மைனஸ் 10, உள்ளே 20 என்றால் 80 பெருக்கல் 30, அதாவது 2,400 வாட். விற்பவர் சொன்ன 15 கிலோவாட்டில் ஆறில் ஒரு பங்கு!

அதே வீடு, அதே சுவர். ஆனால் சோதனையில் 0.6க்குப் பதில் 5 வருகிறது என்று வையுங்கள். கசிவு மட்டும் 31 வாட் ஆகிவிடும். மீட்புக் கருவி டிகிரிக்கு 32 வாட் மிச்சம் பிடிக்கிறது. கூடுதல் கசிவு 27 வாட்டைத் தின்றுவிடுகிறது. கருவிக்குக் கொடுத்த காசு ஏறக்குறைய அப்படியே சுவர் இடுக்கு வழியாகப் போகிறது.

ஆகவே கசிவுச் சோதனையை வீடு முடிந்த பிறகு சான்றிதழுக்காக ஒரு முறை செய்வது போதாது. உட்பலகை அடிக்கும் முன்பே, காற்றுத்தடுப்புப் படலம் கண்ணில் படும்போதே ஒரு முறை செய்ய வேண்டும். கதவில் விசிறியைப் பொருத்தி வீட்டுக் காற்றை வெளியே இழுக்கவிட்டு, புறங்கையை லேசாக நனைத்துக்கொண்டு சுவரோரமாக நகர்த்துங்கள். சுவிட்ச் பெட்டி, சுவரைத் துளைத்து வரும் குழாய், ஜன்னல் சட்டமும் சுவரும் சேரும் இடம், சுவருக்குள் நுழையும் உத்தரத்தின் முனை: எங்கே சில்லென்று ஊதுகிறதோ அங்கே டேப்பும் பசையும் போதும். பலகை அடித்த பின் அதே ஓட்டையைத் தேடுவதென்றால் சுவரையே உடைக்க வேண்டும். ஜன்னல் சட்டத்தைச் சுற்றிப் பாலியூரித்தேன் நுரையை அடைத்துவிட்டு "சீல் பண்ணிவிட்டோம்" என்பவரை நம்ப வேண்டாம். அது இடத்தை நிரப்பும். வீடு அசைந்து இறங்கும்போது விரிசல் விடும்.

கசிவு இல்லாத வீட்டுக்குக் காற்றோட்டம் கட்டாயம். 30 கன மீட்டர் படுக்கையறையைச் சாத்திவிட்டு இருவர் தூங்கினால் கரியமில வாயு மணிக்கு 800 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கு காற்றில் இத்தனை பங்கு என்ற அளவு) மேல் ஏறும். வெளிக்காற்றில் இருப்பதே சுமார் 420தான். மணிக்கு 40 கன மீட்டர் புதுக்காற்று வந்தால் 1,100 வாக்கில் நின்றுவிடும். ஈரமும் அப்படியே. 20 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் சுவரின் ஏதோ ஒரு மூலை 12.5 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே பூஞ்சை பிடிக்கும். நீர் கோத்து நிற்க வேண்டும் என்பதில்லை.

காற்றைப் பங்கிடும் முறை எளிது. புதுக்காற்று தூங்கும், உட்காரும் அறைகளுக்கு. பழைய காற்றை எடுப்பது சமையலறை, குளியலறை, கழிவறையிலிருந்து. மேலே சொன்ன 120ஐ, பெரிய படுக்கையறைக்கு 40, பிள்ளைகளின் இரண்டு அறைகளுக்கு 25 வீதம் 50, கூடத்துக்கு 30 என்று கொடுக்கலாம். சமையலறையிலிருந்து 60, குளியலறையிலிருந்து 40, கழிவறையிலிருந்து 20 எடுத்தால் இரண்டு பக்கமும் சமம். இதைக் காகிதத்தில் போட அரை மணி நேரம் ஆகாது. குழாய் போகும் வழியைத்தான் யாரும் வரைபடத்தில் காட்டுவதில்லை. உத்தரம் ஏற்றிய பிறகு வந்து நிற்கிறார் காற்றோட்டக்காரர், வழி இல்லை, வளைந்து நெளியும் மடிப்புக் குழாயை நசுக்கித் திணித்துவிட்டுப் போகிறார். அடைப்பை வெல்ல விசிறி வேகமெடுக்கிறது, இரவில் இரைகிறது, வீட்டுக்காரர் அதை அணைத்துவிடுகிறார். வெப்பமீட்புக் கருவிகள் பலவற்றின் கதை இப்படித்தான் முடிகிறது.

இவ்வளவு காற்றுக்கு முதன்மைக் குழாய் 160 மில்லிமீட்டர் விட்டம் இருந்தால் காற்று வினாடிக்கு 2 மீட்டருக்குள் ஓடும், சத்தம் வராது. அறைக்குப் போகும் 75 மில்லிமீட்டர் கிளைக்குழாயில் 25 முதல் 30 கன மீட்டருக்கு மேல் அனுப்பக் கூடாது; 40 வேண்டிய படுக்கையறைக்கு இரண்டு கிளை ஓட்டுங்கள். கருவிக்கும் கிளைகளுக்கும் நடுவே சத்தம் அடக்கி இருக்கட்டும். படுக்கையறையில் 25 டெசிபலைத் தாண்டினால் யாரும் பொறுக்கமாட்டார்கள்.

கருவியிலிருந்து வெளிச்சுவருக்குப் போகும் இரண்டு குழாய்களும் குளிர்ந்தவை. சூடான வீட்டுக்குள் ஓடுபவை. ஈரம் புகாத மூடிய நுரையால் 50 மில்லிமீட்டர் சுற்றி, இணைப்புகளை ஒட்டாவிட்டால் கூரைப்பலகையில் தண்ணீர் சொட்டும். காப்போடு சேர்த்து ஒவ்வொன்றும் 260 மில்லிமீட்டர் ஆகிவிடும். ஆகவே கருவியை வெளிச்சுவரை ஒட்டி வைத்து அவற்றைக் குட்டையாக முடிப்பதே புத்திசாலித்தனம். பரணில் வைத்தால் ஃபில்டர் மாற்ற ஏணி தேவைப்படும். அப்புறம் யாரும் ஏறமாட்டார்கள். கருவிக்குள் சேரும் நீருக்கு வடிகுழாயும் அதில் நீர் தேங்கி நின்று வாடையைத் தடுக்கும் வளைவும் வேண்டும். கோடையில் அந்த வளைவு காய்ந்துபோனால் சாக்கடை வாடை கருவி வழியாக வீட்டுக்குள் வரும். காய்ந்தாலும் மூடிக்கொள்ளும் வகை கிடைக்கிறது, அதையே போடுங்கள்.

உறைபனி நாட்களில் கருவி தன்னை எப்படிக் காத்துக்கொள்கிறது என்று வாங்கும்போதே கேளுங்கள். சில கருவிகள் உள்ளே காற்று தள்ளும் விசிறியை மட்டும் நிறுத்திவிடும். வெளியேற்றும் விசிறி ஓடிக்கொண்டே இருப்பதால் வீட்டுக்குள் அழுத்தம் குறையும். விறகு அடுப்பு இருந்தால் புகைபோக்கி வழியாகக் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் திரும்பும். இது உயிர்போகும் விஷயம். உள்வரும் காற்றை முன்சூடேற்றும் கருவியைத் தேர்ந்தெடுங்கள். அடுப்புக்கு வெளியிலிருந்து தனிக் காற்றுக்குழாய் கொடுங்கள். அழுத்த வித்தியாசம் 4 பாஸ்கலைத் தாண்டினால் விசிறிகளை நிறுத்தும் காவல் சுவிட்சும் இருக்க வேண்டும்.

கதவடி இடைவெளியை மறக்காதவர் அபூர்வம். தரை வேலை முடிந்த பிறகும் 10 மில்லிமீட்டர் மிஞ்ச வேண்டும். வெறும் தரையிலிருந்து அளந்து கதவை அறுத்துவிட்டு அப்புறம் கம்பளம் விரித்தால் இடைவெளி காணாமல் போகும், படுக்கையறைக்குள் வரும் காற்றுக்கு வெளியேற வழி இருக்காது.

இனிச் சூடாக்குவது. 150 சதுர மீட்டருக்கு 2,400 வாட் என்றால் சதுர மீட்டருக்கு 16 வாட். தரைக்குழாய்ச் சூட்டில், தரை அறையைவிட 1 டிகிரி கூடினால் சதுர மீட்டருக்குச் சுமார் 11 வாட் கிடைக்கும். கடுங்குளிர் நாளிலும் தரை அறையைவிட ஒன்றரை டிகிரி கூடினால் போதும் என்று அர்த்தம். 21.5 டிகிரித் தரையில் வெறுங்காலை வைத்தால் சூடே தெரியாது. "தரை சூடாகவில்லை" என்ற புகார் இங்கிருந்துதான் வருகிறது. புகாரைத் தீர்க்கத் தண்ணீரை 45 டிகிரிக்கு ஏற்றுகிறார்கள், அறை 25ஐத் தாண்டுகிறது, ஜன்னலைத் திறக்கிறார்கள். தண்ணீரின் சூடு ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் ஹீட் பம்ப் 2 முதல் 2.5 சதவீதம் கூடுதல் மின்சாரம் தின்னும். கால் கதகதப்பு வேண்டுமானால் கம்பளம் விரிப்பதே மலிவு.

பெரிய ஹீட் பம்பின் தொல்லை இன்னொன்று. வெளியே 10 டிகிரி உள்ள நாளில் இந்த வீட்டுக்கு 800 வாட்தான் தேவை. ஆட்களும் அடுப்பும் அதில் பாதியைக் கொடுத்துவிடுவார்கள். 15 கிலோவாட் கருவிகள் பலவற்றால் 3, 4 கிலோவாட்டுக்குக் கீழே இறங்க முடியாது. சில நிமிடம் ஓடி நிற்கும், மறுபடி ஓடும். கம்ப்ரசர் சீக்கிரம் தேய்ந்துவிடும். சிறிய கருவியே போதும். அதன் அளவை முடிவு செய்யப்போவது குளிக்கும் தண்ணீர்தான்: நாலு பேருக்கு 160 லிட்டரை 10 டிகிரியிலிருந்து 45க்கு ஏற்ற நாளுக்கு 6.5 கிலோவாட்மணி.

காற்றோடே சூட்டையும் அனுப்பிவிடலாமே என்பார்கள். சதுர மீட்டருக்கு 10 வாட் வரை அது முடியும். காற்றை 52 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் தூசி கருகி வாடை வரும். காற்றின் அளவும் ஆளுக்கு 30தான். 1991இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் முதல் வீடு எழுந்த, மிகக் குறைந்த வெப்பச் செலவில் வீடு கட்டும் பாசிவ் ஹவுஸ் முறையின் புகழ்பெற்ற 10 வாட் வரம்பு இந்தக் கணக்கிலிருந்து வந்ததே. நமது 16 வாட் வீட்டுக்கு அது போதாது. குளியலறைக்கு எந்த வீட்டிலும் போதாது. அங்கே காற்று வெளியேறத்தான் செய்கிறது, உள்ளே தள்ளப்படுவதில்லை. துண்டு உலர்த்தும் சிறு ரேடியேட்டர் ஒன்று வையுங்கள்.

அறைக்கு அறை தெர்மோஸ்டாட் வீண் செலவு. இத்தகைய வீட்டில் கூடத்தை 21இலும் படுக்கையறையை 16இலும் வைப்பது நடக்காத காரியம். அதை வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதே நேர்மை.

கோடையில் மீட்பைத் தவிர்க்கும் பைபாஸ் வீட்டைக் குளிர்விக்கும் என்பது விளம்பரப் பேச்சு. வெளிக்காற்று 5 டிகிரி குளிர்ச்சியாக இருந்தாலும் 120 கன மீட்டர் காற்று கொண்டுபோகும் சூடு 200 வாட். மேற்கு வெயில் விழும் ஒரு சதுர மீட்டர் கண்ணாடி மட்டுமே 300 வாட்டுக்கு மேல் உள்ளே விடும். கண்ணாடிக்கு வெளியே மறைப்பு வேண்டும். உள்ளே திரை போட்டால் சூடு ஏற்கெனவே வீட்டுக்குள் வந்தாயிற்று.

ஒப்படைக்கும்போது ஒவ்வொரு வால்விலும் (அறைக்குள் காற்று வரும், போகும் வாய்) காற்றை அளந்து எழுதிய தாளைக் கேட்டு வாங்குங்கள். வடிவமைப்பு எண்ணுக்கும் அளந்த எண்ணுக்கும் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும். வால்வின் நடுவட்டைச் சுழற்றினால் இடைவெளி மாறும். துடைக்கக் கழற்றியவர் இரண்டு சுற்று கூடுதலாகத் திருப்பி மாட்டினால் சமநிலை போயிற்று. அளந்த இடத்தில் பூட்டு நட்டை இறுக்கி, பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடச் சொல்லுங்கள். கட்டுமானக் காலம் முழுக்கக் குழாய் முனைகளுக்கு மூடி இருக்க வேண்டும். ஃபில்டரை வழக்கமாக ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றினால் போதும். முதல் ஃபில்டரை மட்டும் குடியேறிய முதல் மாதமே எடுத்துப் பாருங்கள். சிமென்ட் தூசியில் அது பெரும்பாலும் அடைத்துப்போய் இருக்கும்.

இப்படிக்கு,
கட்டட வெப்ப, காற்றோட்ட வடிவமைப்புப் பொறியாளர் ஒருவர்