தாளிப்பு வாசனைக்கே பயப்படும் பிள்ளை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வாராவாரம் எடையைக் குறைக்க வழி சொல்கிறீர்கள். சாப்பிட மறுத்து எலும்பும் தோலுமாகப் போகிற பிள்ளைகளைப் பற்றி ஒரு வாரமாவது எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

என் அக்கா மகளுக்கு 17 வயது. பிளஸ் டூ, கணக்கில் புலி. முதலில் சனிக்கிழமை விரதம் என்றாள், அப்புறம் பிரதோஷம், சஷ்டி, ஏகாதசி என்று வாரத்தில் பாதி நாள் விரதமாகிவிட்டது. எங்கள் பக்கம் விரதம் இருக்கிற பெண்ணை யார் தடுப்பார்கள், பக்தியான பிள்ளை என்று நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். வளையல் முழங்கை வரை ஏறியபோதுதான் பயம் வந்தது. சித்திரை வெயிலில் போர்வை போர்த்திப் படுத்தாள், மாதவிலக்கு நின்றுபோனது. ஒரு டாக்டர் ரத்தசோகை என்று டானிக் எழுதினார். தாயத்துக் கட்டியவர்களும் உண்டு, சாப்பாட்டுக் கொழுப்பு என்று ஏசியவர்களும் உண்டு.

அவள் சொன்னதைக் கேளுங்கள். தாளிக்கிற வாசனையை முகர்ந்தாலே எண்ணெய் உடம்பில் ஏறிவிடுமாம். தலைக்கு எண்ணெய் வைத்தால் தோல் வழியாக இறங்கித் தொடை பெருத்துவிடுமாம். ஒல்லியான பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்த்து "பாவம், எப்படி இளைச்சுட்டா" என்பவள், கண்ணாடி முன் நின்றால் "பாரு சித்தி, எவ்வளவு குண்டா இருக்கேன்" என்று அழுவாள். நடிப்பே இல்லை, அப்படியே நம்புகிறாள். மற்ற எல்லாவற்றிலும் புத்தி தெளிவாக இருக்கிறது, இந்த ஒன்றில் மட்டும் எடை மெஷினைக் காட்டினாலும் மெஷின் பொய் என்பாள்.

இதற்குப் பெயர் அனோரெக்ஸியா நெர்வோசா. 1873-ல் லண்டன் மருத்துவர் வில்லியம் கல் வைத்த பெயர். பசியின்மை என்று பொருள், ஆனால் பசி இருக்கத்தான் செய்கிறது, அதை அடக்கிக்கொண்டே இருக்கிறார்கள். சிலருக்குக் குண்டாக இருக்கிறோம் என்ற எண்ணம் மனப்பிரமை அளவுக்கு இறுகிவிடுகிறது. எங்கள் பிள்ளை அசோகா அல்வா கிண்டித் தெருவுக்கே கொடுப்பாள், தன் வாயில் ஒரு விள்ளல் போட மாட்டாள். 1944-45-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 36 ஆண்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கும் சாப்பாட்டு நினைப்பு தவிர வேறு ஓடவில்லை, சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். பட்டினி கிடந்தால் யார் புத்தியும் இப்படித்தான் ஒரே இடத்தில் சுற்றும் போலிருக்கிறது.

கடைசியில் தஞ்சாவூரில் ஒரு மனநல மருத்துவரிடம் போனோம். வாதாடாதீர்கள் என்றார். நாங்களோ மாதக்கணக்கில் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம், "நீ குண்டில்லைம்மா" என்று சொல்லச் சொல்ல நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஏமாற்றுகிறோம் என்று முடிவு கட்டிவிட்டாள். உடம்பு கொஞ்சம் தேறினால்தான் சொல்வது காதில் ஏறும் என்றார். அதற்காக ஒரேயடியாகத் திணிக்கவும் கூடாதாம். நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் சரிந்து இதயத்துக்கே ஆபத்து. ரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்து ஆஸ்பத்திரியில் கஞ்சியில் தொடங்கினார்கள்.

குண்டாகிவிட்டேன் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. ஆனால் நேற்று அக்கா கடுகு தாளித்தபோது அவள் அடுப்படியை விட்டு ஓடவில்லை.

விரதம், அடம், கொழுப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கும் வீடுகள் இன்னும் இருக்கும். அவர்களுக்காக அந்த எடைக் குறைப்புப் பக்கத்திலேயே 14416 என்ற, மனநல உதவிக்கான டெலி மானஸ் இலவச எண்ணையும் பெரிதாக அச்சிடுங்கள்.

ஒரு சித்தி,
திருவையாறு