போல் என்று ஒரு பெயர்

2025 நவம்பர்

அன்புள்ள தம்பி போல் செய்க்ஸாஸ்,

உன் பெயரைத் தமிழில் எழுதும்போதே எனக்கு ஒரு சிக்கல் வந்துவிட்டது. இங்கே வழக்கமாக எழுதுகிற மாதிரி ‘பால்’ என்று எழுதினால் அது காலையில் வாசலுக்கு வருகிற பாக்கெட் பால். உங்கள் ஊர்க்காரர்கள் கூப்பிடுகிற மாதிரி எழுதினால் ‘போல்’. எங்கள் இலக்கணத்தில் அது ஓர் உவம உருபு. மான் போல், மலை போல், அப்பனைப் போல். தனியாக நிற்க முடியாத சொல். அதற்கு முன்னால் இன்னொருவர் வேண்டும். நீ பிரான்ஸின் இளம் சைக்கிள் பந்தய வீரன், ஒரு வருடமாக உன்னைப் பற்றி வருவதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் பழைய சாம்பியன் பெர்னார் இனோ போல். இன்றைய சாம்பியன், ஸ்லோவேனியாக்காரர் பொகாச்சார் போல். தமிழே தெரியாமல் பிரான்ஸ் முழுக்க உன் பெயரைத் தமிழ் அர்த்தத்தில்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

உனக்கு 19 வயது, என் அக்கா மகன் வயது. அதனால்தான் நீ, உன் என்று எழுதுகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வராது, வந்தாலும் உன்னால் படிக்க முடியாது. அது ஒருவகையில் நல்லதுதான், இதில் பாதி மன்னிப்புக் கடிதம் என்பதால்.

அக்டோபர் 5ஆம் தேதி நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். உங்கள் நாட்டின் ட்ரோம், ஆர்தேஷ் மலைச்சாலைகளில் ஐரோப்பிய சாம்பியன்ஷிப். பொகாச்சார் முதலில், எவனபூல் இரண்டாவது, நீ மூன்றாவது. இங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். தட்டை அப்படியே வைத்துவிட்டு ஒரு தாளை எடுத்தேன். பொகாச்சார் பிறந்தது 1998 செப்டம்பர் 21. நீ பிறந்தது 2006 செப்டம்பர் 24. உங்கள் இருவருக்கும் இடையே சரியாக 8 வருடம், 3 நாள். பிரான்ஸில் மூன்று வாரம் ஓடும் டூர் தெ பிரான்ஸ் பந்தயம் ஜூலையில்தான். 2028 ஜூலையில் உனக்கு 21, அவருக்கு 29. 2030இல் உனக்கு 23, அவருக்கு 31. அவர் எப்போது இறங்குவார், நீ எப்போது ஏறுவாய், இரண்டு கோடும் எந்த ஜூலையில் குறுக்கே வெட்டும் என்று படமே போட்டுவிட்டேன். அன்றைக்கு அவர் உன்னைவிட மூன்று நிமிடத்துக்கும் மேலே முன்னால் போய்ச் சேர்ந்தார் என்பதைத் தாளில் எழுதவில்லை. ரசிகன் போடுகிற கணக்கில் கழித்தல் கிடையாது.

உன்னை வைத்துக் கணக்குப் போடத் தூண்டுகிற விஷயங்களும் கொஞ்சமில்லை. 2024இல் ஜூரிக்கில் ஒவ்வொருவராகத் தனியே கடிகாரத்தோடு போட்டி போடுகிற டைம் ட்ரயலில் ஜூனியர் உலகப் பட்டம். பிறகு 23 வயதுக்குட்பட்டோர் பிரிவில் இரண்டு மூன்று வருடம் பழகாமல் நேராகப் பெரியவர்கள் அணிக்கு வந்துவிட்டாய். ஜூன் மாதம், டூருக்கு ஒத்திகை மாதிரியான தோஃபினே பந்தயத்தில் எட்டாவது இடம், ஆகஸ்டில் இளைஞர்களுக்கான டூர் தெ லாவ்னிர் வெற்றி, கிகாலி உலகப் போட்டியில் 13, கடைசியாக இத்தாலியில் ஒரே நாளில் 240 கிலோமீட்டர் ஓடும் லொம்பார்டியா பந்தயத்தில் ஏழு. முதல் வருடத்திலேயே இவ்வளவையும் செய்துவிட்டால் பார்க்கிறவன் மனசு சும்மா இருக்குமா, சொல்லு.

ஆனால் நான் பயப்படுவது உன்னை நினைத்து அல்ல, எங்களை நினைத்துத்தான்.

இனோ கடைசியாக டூர் தெ பிரான்ஸை வென்றது 1985இல். அதற்குப் பிறகு ஒரு பிரெஞ்சுக்காரரும் வெல்லவில்லை. 40 வருடம் என்பது எழுதுவதற்கு வசதியான எண். அந்த 40 வருடத்தில் யாருக்கெல்லாம் இந்த ‘போல்’ ஒட்டப்பட்டது என்று பார்த்தால்தான் வயிற்றைப் பிசைகிறது.

முதலில் மாட்டிக்கொண்டவர் ஜான்-ஃபிரான்சுவா பெர்னார். இனோவின் அணியிலேயே வளர்ந்தவர். இனோ ஓய்வுபெற்ற மறு வருடம், 1987இல், மோன் வான்தூ மலை மேல் நடந்த டைம் ட்ரயலில் எல்லோரையும் நொறுக்கி, மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருப்பவருக்குரிய மஞ்சள் ஜெர்சியைப் போட்டார். வாரிசு கிடைத்துவிட்டான் என்று நாடே முடிவு கட்டிவிட்டது. மறுநாள் அவர் டயர் பஞ்சர். சாப்பாட்டுப் பை வாங்கும் இடத்தில் குறுகிய பாதையில் பின்னால் சிக்கினார், எதிரிகள் அந்த நேரம் பார்த்துத் தாக்கினார்கள், அன்று மாலையே ஜெர்சி போய்விட்டது. அந்த டூரில் மூன்றாவதாக முடித்தார். இன்றைக்கு ஒரு பிரெஞ்சு இளைஞன் மூன்றாவதாக வந்தால் தெருவில் பட்டாசு வெடிக்கும். அவருக்கு அது தோல்வியாகவே எழுதப்பட்டது. பிறகு ஸ்பெயின் அணி ஒன்றில் சேர்ந்து அந்த அணியின் சாம்பியன் இந்துரைனுக்கு மலையில் வேகம் பிடித்துக் கொடுக்கும் வேலையை நன்றாகச் செய்தார். அந்த வேலையில் அவர் நிம்மதியாக இருந்திருப்பார் என்று எனக்கு ஒரு ஊகம், ஆதாரம் எதுவும் இல்லை.

ஃபினியோன் கதை வேறு மாதிரி. 1983லும் 84லும் வென்றவர், ‘போல்’ தேவைப்படாதவர். 1989இல் பாரிஸில், கடைசி நாள் 24.5 கிலோமீட்டர் டைம் ட்ரயலில், வெறும் 8 விநாடியில் அமெரிக்கரான லெமாண்டிடம் டூரைத் தோற்றார். இரண்டு டூர் ஜெயித்த மனிதரை இன்றும் அந்த 8 விநாடியை வைத்துத்தான் நினைவுகூர்கிறார்கள்.

திபோ பினோவைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். நீ குழந்தையாக இருந்தபோது அவர்தான் ‘போல்’. 2012இல் 22 வயதில், அந்த டூரிலேயே மிக இளையவராக, போரன்ட்ரூயில் ஒரு ஸ்டேஜ், அதாவது ஒரு நாள் ஓட்டம், வென்றார். அவருடைய மேனேஜர் மார்க் மாதியோ கார் ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே தள்ளிக் கதவைத் தட்டித் தட்டிக் கத்திய காட்சியை நீயும் பார்த்திருப்பாய். எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி அது. இப்போது பார்த்தால் அதில் பயமும் தெரிகிறது. அந்தக் கத்தல் அதற்குப் பிறகு பதினோரு வருடம் பினோவின் காதை விட்டுப் போகவில்லை. 2013இல் மலை இறக்கத்தில் அவருக்கு வந்த பயத்தைப் பற்றி ஊரே பேசியது. 23 வயதுப் பையனுக்குச் சரிவில் 80 கிலோமீட்டர் வேகத்தில் பயம் வருவதை நாடு தழுவிய விவாதமாக்கினால் அந்தப் பயம் குறையுமா? 2014இல் மூன்றாவது இடம் வந்தார். இத்தாலியப் பந்தயங்கள்தான் தனக்குப் பிடிக்கும் என்பதை அவர் மறைத்ததில்லை, 2018இல் லொம்பார்டியாவையே வென்றார். ஆனால் ஜூலையில் வராத பினோவை யார் விட்டார்கள்?

2019ஐ நான் நேரலையில் பார்த்தேன். தூர்மலே உச்சியில் வென்றபோது, இந்த வருடம் அவர்தான் என்று நானும் வீட்டில் அறிவித்துவிட்டேன். ஆறு நாள் கழித்து, ஜூலை 26. இரண்டு நாள் முன்பு ஹேண்டில்பாரில் இடித்துக்கொண்டதில் தொடைத்தசை கிழிந்திருந்தது. சைக்கிளை ஓட்டிக்கொண்டே அழுதார். பக்கத்தில் வந்த அணித் தோழர் தோளைப் பிடித்தார். அப்புறம் இறங்கிக் காருக்குள் போய்விட்டார். அதே நாள் மலையில் ஆலங்கட்டி மழை கொட்டி, மண் சரிந்து, ஸ்டேஜே பாதியில் நின்றது. எனக்கு அன்று வந்தது கோபம். அவர் மேல் கோபம்! அவர் தொடை கிழிந்ததற்கு நான் ஏன் ஏமாற்றப்பட்டவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்? அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே சில வருடங்கள் ஆயின.

2023இல் அவருடைய கடைசி டூர். சொந்த ஊர்ப் பக்கமுள்ள வோஜ் மலைகளில், பெத்தி பலோன் ஏற்றத்தில், ஒரு முழு வளைவையே ரசிகர்கள் அவர் பெயரில் எடுத்துக்கொண்டார்கள். முன்னால் தனியாக ஏறிப் போனார். அவர் வெல்லவில்லை. அன்று அது யாருக்கும் ஒரு பொருட்டாகவும் இல்லை. இப்போது மெலிசேயில் ஆடுகளோடு இருக்கிறார். அந்த வளைவில் காட்டிய அன்பை 22 வயதில் காட்டியிருந்தால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது. காட்டாமல் இல்லை, காட்டினார்கள். கூடவே ஒரு ரசீதும் நீட்டினார்கள், அதுதான் வித்தியாசம்.

உங்கள் நாட்டு ரசிகர்களை எனக்கு முழுசாகப் புரிவதில்லை. ஆங்கெத்தில் ஐந்து டூர் வென்றார், 1959இல் அவரைப் பாரிஸில் விசிலடித்துக் கேலி செய்தார்கள். புலிதோர் எட்டு முறை முதல் மூன்றுக்குள் வந்தார், ஒரு நாள்கூட மஞ்சள் ஜெர்சி போட்டதில்லை, அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அப்படியென்றால் வெற்றிக்குத்தான் ஏங்குகிறார்கள் என்றும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

பெல்ஜியத்திலும் இதே நோய்தான், அங்கே அவர்களுடைய பழைய சாம்பியன் ‘மெர்க்ஸ் போல்’. ரெம்கோ எவனபூல் 2019இல் உன்னைப் போலவே இடையில் ஒரு படி தாண்டி வந்தவர். 19 வயதில் ஸ்பெயினின் சான் செபாஸ்டியன் பந்தயத்தை வென்றார். அடுத்த வருடம் ஆகஸ்டில் லொம்பார்டியாவில், சொர்மானோ இறக்கத்தில், பாலத்துச் சுவர் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. ஒன்பது மாதம் கழித்து அவர் இறங்கிய முதல் போட்டியே இத்தாலியின் மூன்று வார ‘ஜீரோ’ பந்தயம். அங்கேயும் முதல் வாரத்திலேயே அவர் ஜெயிப்பாரா என்று கணக்குப் போட்டார்கள். நானும் போட்டேன், அதற்கும் ஒரு தாள் இருந்தது. அதன் பிறகு ஸ்பெயினின் மூன்று வார வுவெல்ட்டா பந்தயமும் ஒலிம்பிக் தங்கங்களும் வென்று அவர் எழுந்துவிட்டார். எல்லோரும் எழுவதில்லை.

லாவ்னிரை வைத்து உனக்கு ஜாதகம் எழுதுகிறார்களே, பொகாச்சார் 2018இல் வென்று 2020இல் டூரை எடுத்தார் என்று. 2016இல் அதை வென்ற தவீத் கோது உங்கள் ஊர்க்காரர்தான். 2022 டூரில் நான்காவதாக வந்தார். அவர் பெயரை யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. நான்காவது இடம் ஏதோ குற்றம் மாதிரி.

இன்னொன்று. பிரான்ஸ் 40 வருடமாகக் காத்திருக்கிறது என்று எழுதுகிறவர்கள் இந்த ஆகஸ்ட் 3ஆம் தேதியை மறந்துவிட்டே எழுதுகிறார்கள். அன்று போலின் ஃபெரான்-பிரேவோ பெண்கள் டூரை வென்றார். (அவர் பெயருக்குள்ளும் ஒரு போல் இருக்கிறது, கவனி.) 23 வயதில் சாலை, சேற்றுப் பந்தயமான சைக்ளோகிராஸ், மவுண்டன் பைக் மூன்றிலும் ஒரே நேரத்தில் உலகப் பட்டம் வைத்திருந்தவர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் மவுண்டன் பைக் பந்தயத்தை முடிக்காமலே இறங்கினார். எல்லாம் அவ்வளவுதான் என்றார்கள். மலைப்பாதைப் பக்கம் போய், பட்டம் மேல் பட்டம் எடுத்து, பாரிஸ் ஒலிம்பிக் தங்கத்தையும் வாங்கிக்கொண்டு, 33 வயதில் சாலைக்குத் திரும்பி டூரை எடுத்தார். அவருக்கு அந்தப் பத்து வருடத்தைத் தந்தது அவருடைய பொறுமை மட்டுமில்லை. காட்டுக்குள் ஓட்டிய அந்தக் காலத்தில் எங்களில் பெரும்பாலோர் அவரைப் பார்க்கவே இல்லை.

உனக்கு அந்த வசதி கிடைக்காது. உன் அணி பிரெஞ்சு அணி. அதன் பெயரில் இருக்கும் டெக்கத்லான் கடை எங்கள் ஊர் நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது, என் ஹெல்மெட் அங்கே வாங்கியதுதான். அடுத்த வருடம் மர்சேய் கப்பல் கம்பெனியும் பெயரைச் சேர்த்துக்கொள்கிறது. பணம் போடுகிறவர்கள் ஜூலையில்தான் முகம் பார்ப்பார்கள். டூரில் 21 ஸ்டேஜும் முடியும் கோட்டோடு முடிவதில்லை. மேடை, ஊக்கமருந்துச் சோதனை, வரிசையாக மைக்குகள், அப்புறம் ஹோட்டலுக்கு நீண்ட கார் பயணம். மற்றவன் மசாஜ் முடிந்து சாப்பிட உட்காரும் நேரத்தில் மஞ்சள் ஜெர்சிக்காரன் இன்னும் பேட்டி கொடுத்துக்கொண்டிருப்பான். 2019இல் உங்கள் நாட்டு அலாஃபிலிப் 14 நாள் அந்த ஜெர்சியைச் சுமந்தார். அவரைக் கரைத்தது மலை மட்டும்தான் என்று நான் நம்பவில்லை.

அடுத்த டூர் ஜூலை 4ஆம் தேதி பார்சலோனாவில் தொடங்குகிறது. கடைசியில் அல்ப் துவேஸ் மலை இரண்டு நாள் அடுத்தடுத்து வருகிறது. நீ போவாயா மாட்டாயா என்று இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். போ என்றும் சொல்ல மாட்டேன், போகாதே என்றும் சொல்ல மாட்டேன். உன் காலின் வாட் கணக்கு உன் பயிற்சியாளருக்குத் தெரியும். போனால் ஒரு ஸ்டேஜில் முன்னால் தப்பித்துப் போய் மாட்டிக்கொள், முப்பதாவதாக முடி, ஒரு நாள் 20 நிமிடம் பின்தங்கு. 19 வயதுக்காரன் செய்கிற தப்பையெல்லாம் செய். இதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று தெரியும். நீ 20 நிமிடம் பின்தங்குகிற அன்று முதலில் முகம் சுளிக்கப்போவது நான்தான்.

இதை எழுத உட்காரும் முன் அந்தத் தாளைத் தேடி எடுத்தேன், கிழித்துப் போட்டுவிடலாம் என்று. 2028, 2030, இரண்டு கோடு, வெட்டும் இடத்தில் சின்னதாக ஒரு வட்டம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கிழிக்கவில்லை. நான்காக மடித்து மேஜை டிராயரில், பழைய மின்சார ரசீதுகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். இப்போதைக்கு என்னால் முடிந்தது அவ்வளவுதான், தம்பி.

உன் ரசிகன்