உன் போத்தல்களைத் தீர்த்தது நான்தான்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். இப்போதுதான் பசியாறிவிட்டு உட்கார்ந்தேன். குரல் பதிந்தே அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் அம்மா அடுப்படியிலிருந்தே திருத்தம் சொல்லுவாள், கடைசியில் அவள் சொன்ன கதைதான் உனக்கு வந்து சேரும். அதனால் எழுத்திலேயே ஒப்புக்கொள்கிறேன். உன் அறை அலமாரியில் நீ விட்டுப்போன கார் கழுவும் போத்தல்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன. பதினொன்று இருந்தன. ஷாம்பு, மெழுகு, டயருக்குப் பூசுவது, கண்ணாடிக்கு அடிப்பது, எதற்கென்றே தெரியாத ஒரு பச்சைத் தண்ணீர் உட்பட எல்லாவற்றையும் நான்தான் காலி செய்தேன்.

நீ சிரிப்பாய் என்று தெரியும். "காடியைக் கழுவ ஒரு வாளியும் ஒரு துணியும் போதாதா, கல்யாணப் பெண்ணுக்குக்கூட இத்தனை போத்தல் வாங்க மாட்டார்களே" என்று உன்னைக் கேட்டவன் நான். சரி, சிரித்துக்கொள். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

ஆரம்பித்த கதை இதுதான். எனக்கு முதுகு பிடித்துக்கொண்ட வாரத்தில் நம் புரோட்டான் சாகா காடியைப் பட்டணத்தில் ஒரு கழுவும் கடையில் விட்டேன். கடைப்பெயர் வேண்டாம். செம்பனை லோரியின் டயரைத் துடைத்த அதே துணியால் பையன் என் காடியின் பானெட்டைத் துடைப்பதைப் பார்த்தும் சும்மா இருந்தேன். அன்று ராத்திரி நம் தாமான் குடியிருப்பின் தெருவிளக்கின் கீழே நிறுத்தியிருந்த காடியைப் பார்த்தால், விளக்கைச் சுற்றி சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கோடுகள். கைப்பேசி விளக்கை எடுத்துப்போய் கதவு, கூரை, பூட் எல்லாம் அடித்துப் பார்த்தேன். எங்கே பார்த்தாலும் வலை. நான் குனிந்து குனிந்து பார்ப்பதைக் கண்ட எதிர்வீட்டுக்காரர் "யாரது?" என்று கத்திவிட்டார். என் காடியை நானே திருடப் போவது போல ஆகிவிட்டது.

அப்புறம்தான் உறைத்தது. கடைக்காரப் பையன் ஒருநாள் செய்ததை நான் முப்பது வருடமாகச் செய்திருக்கிறேன். தட்டு மங்கு கழுவும் சோப்பு, பாத்திரம் தேய்க்கும் பஞ்சு, வட்ட வட்டமாகக் கை. மணல் ஒட்டிய பஞ்சால் வட்டமாகத் தேய்த்தால் கோடும் வட்டமாகத்தானே விழும்? நீ அப்போதே சொன்னாய், நேர்கோட்டில் துடைக்க வேண்டும், மேலிருந்து கீழே வர வேண்டும், துணி தரையில் விழுந்தால் அதோடு சரி என்று. "நீ லோரி ஓட்டினாயா, நான் ஓட்டினேனா?" என்று கேட்டு உன் வாயை அடைத்தேன்.

இப்போது எனக்கு இரண்டு வாளி. ஒன்றில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு பக்கமும் துடைத்த பிறகு கையுறையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் சோப்பில் முக்குவேன். இரண்டில் ஒன்று அம்மாவின் பழைய ரப்பர் பால் வாளி, தோட்டத்தில் தோளில் வைக்கும் காண்டாக் கம்பில் மாட்டித் தூக்கிய அதேதான். வாளி அடியில் போட ஒரு ஓட்டைத் தட்டு விற்கிறார்கள். மண் அதற்குக் கீழே தங்கிவிடும், கையுறையில் திரும்ப ஒட்டாது. நான் அம்மாவின் இடியாப்பத் தட்டைக் கவிழ்த்துப் போட்டேன். அழகாகப் பொருந்தியது. இரண்டு வாரம் வீட்டில் இடியாப்பம் இல்லை, அதற்கு மேல் கேட்காதே.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த வேலையில் அவள் கை எனக்கு வராது. கழுவிக் காயவைத்த காடியை நான் "பளபளவென்று இருக்கிறது" என்றேன். அவள் சமையலறையிலிருந்து ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையை எடுத்துவந்து, கையை உள்ளே விட்டு, பானெட்டின் மேல் மெதுவாக ஓட்டினாள். "மணல் மாதிரி இருக்கு" என்றாள். என் வெறுங்கைக்கு ஒன்றும் தெரியவில்லை. பையைப் போட்டுத் தடவினால் தெரிந்தது, உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. பிரேக்கிலிருந்து வரும் இரும்புத் தூளும் சாலை அழுக்கும் வண்ணத்தில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதாம், சோப்புக்கு அது வராதாம். இந்தப் பை வித்தையை அவள் எங்கே பிடித்தாள் என்றால், நீ அந்தக் காலத்தில் செய்ததைச் சன்னல் வழியாகப் பார்த்தாளாம். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இரும்பு கழற்றும் போத்தல் ஒன்று வைத்திருந்தாயே, அதைச் சக்கரத்தில் அடித்தேன். வெள்ளையாக விழுந்தது, இரண்டு நிமிடத்தில் ஊதா நிறமாகி, கோடு கோடாகத் தரையில் ஓடியது. பக்கத்து வீட்டுச் சின்னவன் "தாத்தா, காடிக்கு ரத்தம் வருது" என்று அழ ஆரம்பித்துவிட்டான். இரும்போடு சேர்ந்தால் அந்த மருந்து ஊதா ஆகும், அதுதான் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் என்று அவனுக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் வாடை கிளம்பிவிட்டது. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து, "ரப்பர் ஒட்டுப்பால் வாடை! பென்ஷன் வாங்கியும் இது விடமாட்டேங்குதே" என்றாள்.

அதற்குப் பிறகு களிமண், வண்ணத்தில் ஒட்டிய தூளை உருவி எடுக்கும் கட்டி. காடிக்குக் களிமண்ணா என்று உன்னைக் கேட்டு அன்று சிரித்தேன். வழுவழுப்புத் தண்ணீரைத் தெளித்து, கட்டியை அழுத்தாமல் வழுக்கவிட்டேன். முதலில் ஒரு கரகரச் சத்தம் வரும், நாலைந்து முறை போய்வந்தால் அடங்கிவிடும், அதோடு அந்த இடம் முடிந்தது. பானெட்டை முடிக்க ஒரு மணி நேரம். கட்டியைத் திருப்பிப் பார்த்தால் கறுப்பு. கடைசிக் கதவுக்கு வரும்போது கட்டி கையிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்துவிட்டது. எடுத்து ஊதிப் பார்த்தேன். பிறகு நீ சொன்னது ஞாபகம் வந்து தூக்கிப் போட்டேன். மனசுதான் ஆறவில்லை.

இனி அசல் குற்றம். பட்டறையை மூடிவிட்ட என் பழைய கூட்டாளி ஒருவரிடம் பாலிஷ் மெஷின் இருந்தது, ஒரே அச்சில் விர்ரென்று சுற்றுகிற பழைய வகை. இரவல் வாங்கி வந்தேன். 2009-இல் முழுக் காடிக்கும் வண்ணம் அடித்தோமே, அதற்கு மேல் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கிறது. அதன் கனம் தலைமயிரை விடச் சன்னம். மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு இருந்தாலே பெரிது. கோடுகள் அந்தப் பூச்சில்தான் விழுகின்றன. பாலிஷ் போடுவது என்றால் அதையே துளி சீவிச் சமப்படுத்துவதுதான். இது அப்போது எனக்குத் தெரியாது. பூட் மூடியின் ஓரத்தில் அழுத்திப் பிடித்தேன், சூடேறியது, ஒரு வெள்ளிக் காசு அகலத்துக்குப் பூச்சும் போய், சிவப்பும் போய், அடியில் சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது.

அம்மா வந்து நின்று பார்த்தாள். திட்டவில்லை. இருபத்திரண்டு வருடம் பால்மரம் சீவியவள். "ஆழமா வெட்டிட்டீங்க" என்றாள், அவ்வளவுதான். பட்டையில் மயிரிழை மிச்சம் வைத்துச் சீவ வேண்டும், கத்தி மரத்தைத் தொட்டுவிட்டால் காயம் முண்டு முண்டாகக் காய்த்து, பிறகு அந்த இடத்தில் வெட்டவே முடியாது என்று புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு அவள் சொல்லிக்கொடுத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த இரவல் மெஷினை மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது சொந்தமாக ஒன்று இருக்கிறது. சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும், அதிகம் அழுத்தினால் சுற்று நின்றுவிடும், அதனால் ஒரே இடம் சூடேறாது. விலையை அம்மாவிடம் பாதியாகச் சொல்லியிருக்கிறேன். நீயும் அதே பாதியைச் சொல்.

மெழுகு போடும் நாள்தான் எனக்குப் பிடித்த நாள். நீ வைத்திருந்த மஞ்சள் மெழுகு, கார்னாபா, எதிலிருந்து வருகிறது தெரியுமா? பிரேசிலில் வளரும் ஒரு பனை. ஓலையைக் காயவைத்துத் தட்டினால் மெழுகு பொடியாக உதிருமாம். எண்பது டிகிரிக்கு மேல் போனால்தான் உருகும், நம் ஊர் மத்தியான வெயிலுக்கு அது அசைவதில்லை. பிரேசில் என்றதும் எனக்குக் கோலகங்சார் ஞாபகம் வந்துவிட்டது. மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலி போட்டு நிற்கிறதே அந்த ரப்பர் மரம், உன் ஆறாவது வயதில் காட்டினேன், நீ ஐஸ் கச்சாங் வேண்டும் என்று அழுதாய். 1876-இல் பிரேசிலிலிருந்து விதையை எடுத்துப்போய், லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்கவைத்து, மறுவருடம் இந்தப் பக்கம் அனுப்பிய கன்றுகளில் ஒன்று அது. அந்த மரத்துக்காகத்தான் நம் தாத்தாவைக் கப்பல் ஏற்றினார்கள். இப்போது அதே நாட்டுப் பனையின் மெழுகைப் பேரன் காசு கொடுத்து வாங்கி, மகன் காடிக்குப் பூசுகிறான். இதை அம்மாவிடம் பெரிய விஷயமாகச் சொன்னேன். "சரி, அந்தக் கையோட சோத்துப் பானையைத் தொடாதீங்க" என்றாள்.

போன வாரம் ஆயுத பூசை. முந்தின நாள்தான் மெழுகு போட்டு முடித்திருந்தேன். கோயிலுக்குப் போய் வந்து திரும்பினால் பானெட் நடுவில் மூன்று சந்தனப் பொட்டும் குங்குமமும். எனக்கு உயிரே போய்விட்டது. வெயிலில் காய்ந்தால் கறை பிடிக்கும், தேய்த்தால் கீறல் விழும். சாமி விஷயத்தில் வாயைத் திறக்கவும் பயம். கடைசியில் ஐயர் முன்னாலேயே பேசி முடித்தோம்: இனிமேல் பொட்டு நம்பர் தட்டிலும் கண்ணாடியிலும் மட்டும். எலுமிச்சம்பழம் டயருக்கு அடியில் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, டயரை எப்படியும் கழுவத்தானே போகிறேன்.

இங்கே இப்போது தினமும் சாயங்காலம் மழை. முன்பெல்லாம் மழை வந்தால் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஓடுவோம். இப்போது நான் குடையோடு காடிப் பக்கம் ஓடுகிறேன். சேம்பிலையில் உருளுகிற மாதிரி தண்ணீர் முத்து முத்தாக நின்று, ஒன்றோடொன்று சேர்ந்து, சர்ரென்று வழிந்து ஓடுவதைப் பார்க்க அவ்வளவு ஆசை. நேற்று எதிர்வீட்டுக்காரர், "அண்ணே, மழையில நின்னுக்கிட்டு என்ன பார்க்கறீங்க?" என்றார். பத்து நிமிடம் விளக்கினேன். இன்று காலையில் அவருடைய மைவி காடியைக் கொண்டுவந்து நம் வாசலில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார். முன்விளக்கு இரண்டும் மஞ்சள் பிடித்துக் கிடக்கின்றன. உப்புத்தாள் ஆயிரம் நம்பரில் தொடங்கி மூவாயிரம் நம்பர் வரை போக வேண்டும் அல்லவா?

இன்னொன்று. நீ படித்துக்கொண்டிருந்தபோது, உன்னுடைய நீலத் துண்டு எட்டையும் எடுத்து மோட்டார் சைக்கிள் சங்கிலி துடைத்துவிட்டேன். நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒரு துணிக்கு இவ்வளவு ரோஷமா என்று அப்போது அம்மாவிடம் கேட்டேன். போன மாதம் அவள் என் புதுத் துண்டு ஒன்றை எடுத்து மீன் சட்டியை இறக்கினாள். நான் சாப்பிடாமல் படுத்துவிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் போய் உன் பழைய நீலத் துண்டை, அலமாரிக்குப் பின்னால் கிடந்ததை, எடுத்துவந்து என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள். எண்ணெய்க் கறை இன்னும் இருக்கிறது.

தீபாவளிக்கு ஜோகூரிலிருந்து நெடுஞ்சாலையில் வரும்போது, முன் பம்பர் முழுக்கப் பூச்சி ஒட்டும். வழியில் எந்தக் கடையிலும் கழுவக் கொடுத்துவிடாதே, அப்படியே கொண்டுவா. ஈரத்துணியைப் பத்து நிமிடம் போர்த்தி வைத்தால் தானாக விட்டுவிடும். ராத்திரி புறப்பட்டு ஓட்டாதே, கண் சொக்கும். முதல் நாள் வந்துவிட்டு மறுநாள் காலையில் எட்டு மணிக்குள் எழுந்தாயானால் வாசலில் நிழல் இருக்கும், உன் காடியும் சாகாவும் இரண்டையும் முடித்துவிடலாம். பூட் ஓரத்துச் சாம்பல் புள்ளியையும் நீ ஒரு பார்வை பார்க்க வேண்டும்.

வரும்போது இரும்பு கழற்றும் போத்தல் இரண்டும் துண்டு எட்டும் வாங்கி வா. நீல நிறமே இருக்கட்டும். மஞ்சள் வேண்டாம், அம்மாவின் சமையலறைத் துணியோடு கலந்துவிடுகிறது.

அன்புடன்,
அப்பா
சுங்கை சிப்புட்