கணினி விளையாட்டுப் பிரிவு: 2024 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

சனசமூக நிலையத் தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, காப்பாளர்களே, பெற்றோர்களே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நிர்வாக சபைக் கூட்டங்கள் இவ்வருடம் தவறாமல் நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஆகவே சென்ற பொதுக்கூட்டத்தின் முக்கியமான தீர்மானத்துக்கே நேரடியாக வருகிறேன். நிலைய மண்டபத்தில் சுடும் ஆட்டம் எதுவும் விளையாடப்படக் கூடாது என்றும், பிள்ளைகள் விளையாடிவந்த கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற சுடும் கணினி விளையாட்டிலேயே சறுக்கல், பாய்ச்சல், ஏற்றம் ஆகியவற்றை மட்டும் கொண்ட முறைகளைப் பழக்கலாம் என்றும் அன்று முடிவு செய்தோம்.

புதிய அங்கத்தவர்களுக்காக அதன் காரணத்தை மீண்டும் பதிவு செய்ய வேண்டியுள்ளது. நிலையத்துக்கு அடுத்த வளவுகளில் வாழ்பவர்கள் 2009 மே வரை நடந்த எல்லாவற்றையும் கண்டவர்கள். பிள்ளைகளின் தாய்மாரில் இன்றும் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குக் காலையில் புறப்பட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒலிபெருக்கியில் துப்பாக்கி வேட்டுக் கேட்டபோது பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வந்தார். அது வெறும் விளையாட்டுத்தானே என்று அவருக்கு விளக்கம் சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. மறுபுறம், பிள்ளைகளிடமிருந்து கணினியைப் பறிப்பதும் நியாயமாகப் படவில்லை. அவர்களுக்கு அந்த விளையாட்டில் பிடித்தது சுடுவது அல்ல, வேகம் என்பதை நாங்கள் கவனித்திருந்தோம். வேகத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வழி இருந்தது.

அந்த வழி எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. 1996 இல் வெளியான குவேக் விளையாட்டின் அசைவு விதிகள், 1998 இல் வந்த ஹாஃப் லைஃப் வழியாகக் கவுண்டர் ஸ்ட்ரைக்குக்கு வந்து சேர்ந்தன. ஆகாயத்தில் இருக்கும்போது பக்கவாட்டு விசையை அழுத்தியபடி பார்வையையும் அதே பக்கம் திருப்பினால் வேகம் கூடும் என்பது அந்த விதிகளில் யாரும் திட்டமிடாமல் கிடந்த ஒரு குணம். 2004 இல், ஆடுகளம் ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருந்த ஒருவர் சரிவான தளத்தில் விழாமல் சறுக்கிச் செல்ல முடியும் என்று தற்செயலாகக் கண்டார். அதிலிருந்து சேர்ஃப் என்ற முறை பிறந்தது. தரையைத் தொடும் கணத்திலேயே மீண்டும் பாய்ந்து வேகத்தைத் தக்கவைப்பது பனி ஹொப். தடைகள் மீது பாய்ந்து உச்சிக்கு ஏறுவது கே.இசட். எதிரி, குண்டு, மரணம் எதுவும் இம்முறைகளுக்குத் தேவையில்லை. நேரமானி ஒன்று போதும்.

எமது கணினிகள் புலம்பெயர் உறவுகள் அனுப்பிய பழைய கணினிகள். 2023 செப்டெம்பரில் வெளிவந்த கவுண்டர் ஸ்ட்ரைக் 2 அவற்றில் ஓடாது. எனவே 2004 இல் வந்த கவுண்டர் ஸ்ட்ரைக் சோர்ஸ் பதிப்பையே பயன்படுத்துகிறோம். மண்டபத்திலுள்ள ஒரு கணினியைச் சர்வராக்கி, மற்றவற்றைக் கம்பி வழியாக அதனுடன் இணைத்திருக்கிறோம். வெளிநாட்டுச் சர்வர்களில் விளையாடும்போது ஏற்படும் தாமதம் இதனால் இல்லை. இணையம் அறுந்தாலும் பழக்கம் நிற்பதில்லை. சர்வரில் கத்தி தவிர்ந்த ஆயுதங்கள் அனைத்தையும் நீக்கிவிட்டோம், வேட்டு ஒலிக்கு இடமே இல்லை.

பயிற்சி பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி கோருகிறேன், ஏனெனில் இவ்வருடத்தின் உண்மையான வேலை அதுதான்.

புதிதாக வருகிற ஒவ்வொருவரும் முன்னே செல்லும் டபிள்யூ விசையை விடாமல் அழுத்துகிறார்கள். ஓடிப் பழகிய விரல் அப்படித்தான் செய்யும். ஆனால் சேர்ஃப் செய்யும்போது அந்த விசை வேகத்தைக் கூட்டாது, பிடியைத்தான் குலைக்கும். சொல்லிப் பார்த்தோம், விரல்கள் கேட்கவில்லை. இறுதியில் பயிற்சிக் கணினி ஒன்றின் விசைப்பலகையிலிருந்து டபிள்யூ மூடியை நெம்பிக் கழற்றி மேசை லாச்சியில் போட்டுவிட்டோம். நடுவிரல் அந்த வெற்றிடத்தைத் தடவிவிட்டு, போக இடமின்றித் தூக்கி நிற்கும். அதன்பின் இரண்டே விசைகள்தாம்: சாய்தளம் வலப்பக்கம் இருந்தால் டி, இடப்பக்கம் இருந்தால் ஏ. அதை அழுத்தியபடி மவுஸைச் சாய்தளத்தின் பக்கம் மெல்லத் திருப்பினால் ஏறும், வெளிப்பக்கம் திருப்பினால் இறங்கும். மெல்ல என்ற சொல்லைத்தான் எங்கள் பயிற்றுநர்கள் இவ்வருடம் அதிகம் உச்சரித்திருப்பார்கள். மவுஸை உதறுகிற பிள்ளை முதல் சரிவிலேயே கீழே விழுகிறது. துடிப்பான பையன்களை விட, அவசரப்படாமல் உட்கார்ந்து பார்க்கும் பிள்ளைகள் விரைவில் பிடித்துக்கொண்டார்கள் என்பது எனது அவதானம்.

ஏன் அப்படி நடக்கிறது என்று கேட்கும் பிள்ளைகளுக்காக உயர்தர இணைந்த கணித ஆசிரியர் ஒருவர் வந்து வெண்பலகையில் விளக்கினார். அன்றைய பாடத்தை இங்கே சுருக்கித் தருகிறேன். வெறுங்கத்தியுடன் ஓடுபவரின் கதி செக்கனுக்கு 250 அலகு. ஆகாயத்தில் நாம் அழுத்தும் திசையில் நம் வேகத்தின் கூறு 30 அலகுக்குக் குறைவாக இருந்தால் மட்டும், அந்த 30 வரை விளையாட்டு வேகம் சேர்க்கிறது. முன்னே அழுத்தினால் அந்தத் திசையில் ஏற்கெனவே 250 இருக்கிறது, ஆகவே எதுவும் சேராது. செங்குத்தாகப் பக்கவாட்டில் அழுத்தினால் அந்தத் திசையில் பூச்சியம், ஆகவே 30 முழுதாகச் சேரும். 250 உம் 30 உம் செங்கோண முக்கோணியின் இரு பக்கங்கள், கர்ணம் ஏறத்தாழ 251.8. செக்கனுக்கு 66 தடவைக்கு மேல் இந்தக் கணக்கு நடக்கிறது. பார்வையைத் திருப்பிக்கொண்டே செங்குத்தைக் காப்பாற்றுகிறவருக்கு அந்தச் சிறு மிகுதி குவிந்துகொண்டே போகும். அளவும் திசையும் கொண்ட காவிகளையும் அவற்றின் கூறுகளையும் பரீட்சைக்காக மட்டும் படித்திருந்த பிள்ளைகள், தங்கள் கையிலேயே அது இருந்ததைக் கண்டு எழும்பி நின்று கேள்வி கேட்டார்கள்.

சரிவின் கணக்கும் அப்படியே. தளத்தின் செவ்வன் நிலைக்குத்துடன் அமைக்கும் கோணத்தின் கோசைன் 0.7 இற்குக் குறைந்தால், அதாவது சரிவு ஏறத்தாழ 45.6 பாகையைத் தாண்டினால், விளையாட்டு அதைத் தரையாகக் கருதாது. தரை இல்லையென்றால் உராய்வும் இல்லை. ஆகவேதான் சறுக்குபவர் நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறார்.

சேர்ஃப் பிகினர், சேர்ஃப் யுடோபியா ஆகிய தொடக்க நிலைக் களங்களிலேயே பெரும்பாலானோர் இவ்வருடம் பழகினர். சில வேளைகளில் சரிவைச் சரியாகத் தொட்டும் வேகம் முழுவதும் திடீரென அற்றுப்போகும். அது விளையாட்டின் பழைய குறை, பிள்ளையின் பிழை அல்ல. இதைப் பயிற்றுநர்கள் முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சொல்லாதபோது நன்றாகச் செய்த பிள்ளைகளே மனமுடைந்து எழும்பிப் போகிறார்கள்.

பனி ஹொப் வகுப்பு பிந்தித் தொடங்கியது. பாய்வதற்கு இடைவெளி விசைக்குப் பதிலாக மவுஸின் சில்லைப் பயன்படுத்தப் பழக்குகிறோம். ஒரு சுழற்றில் பல தடவை கட்டளை போவதால் தரை தொடும் சரியான கணம் தவறுவது குறைகிறது. இதில் எமது நிலையத்தில் முன்னணியில் இருப்பவர் உயர்தர மாணவி ஒருவர். சுடும் ஆட்டம் இருந்த காலத்தில் பெண் பிள்ளைகள் இந்தப் பக்கமே வந்ததில்லை. இப்போது மாலை வகுப்பில் அவர்களுக்கென்று இருக்கை ஒதுக்க வேண்டிய நிலை. இவ்வருடத்தில் எனக்கு அதிக மகிழ்ச்சி தந்த மாற்றம் இதுவே.

கே.இசட் முறையில் இன்னும் சிலரே இருக்கிறார்கள். இடையிடையே நிலையைப் பதிந்து, விழுந்தால் அங்கேயே திரும்பலாம். அப்படித் திரும்பாமல் அடியிலிருந்து உச்சிவரை ஏறி முடித்தால் அது தனிப் பட்டியலில் பதிவாகும். பொறுமை வேண்டிய முறை, வரும் ஆண்டில் வளரும் என நம்புகிறேன்.

நவம்பர் இறுதியில் பெய்த கடும் மழையில் உயர்தரப் பரீட்சையே இடைநிறுத்தப்பட்டதைச் சபை அறியும். அப்போது கணினிகளை வாங்குகளின் மேல் ஏற்றி, பொலித்தீன் விரித்து, இரவிரவாகக் காவலிருந்தவர்கள் எமது இளைஞர் அங்கத்தவர்கள். ஒரு கணினிகூடப் பழுதாகவில்லை. மண்டபத்தில் தங்கிய குடும்பங்களுக்கு உலர் உணவு பகிர்ந்ததும் அவர்களே.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பரீட்சைக் காலத்தில் பிள்ளைகளை மறிப்பது உங்கள் உரிமை, அதை நாங்களும் ஆதரிக்கிறோம். ஆனால் மற்றைய நாள்களில் ஒரு தடவையாவது உள்ளே வந்து பிள்ளையின் பின்னால் நின்று பாருங்கள். அவ்வாறு பார்த்த தகப்பன்மாரில் சிலர் தாங்களும் மவுஸைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

வரும் ஆண்டுக்கென மூன்று விடயங்களைச் சபை முன் வைக்கிறேன். சுடும் ஆட்டத்துக்கான தடை தொடர வேண்டும். அதைத் தளர்த்துமாறு சில இளைஞர்கள் எழுதித் தந்திருக்கிறார்கள், அவர்களின் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது. அவர்கள் பேசும் உரிமையை மதிக்கிறேன், ஆனால் தளர்த்தக் கூடாது என்பதே எனது உறுதியான நிலைப்பாடு. அடுத்து, சொந்தமாக ஒரு சேர்ஃப் களம் அமைக்கப் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள், அதற்கான ஹம்மர் மென்பொருளைப் பழக்க ஒருவரை அழைக்க அனுமதி வேண்டும். மின்தடையின்போது சர்வரைக் காக்க யூ.பி.எஸ். ஒன்றும் தேவை.

கணினி அனுப்பிய உறவுகளுக்கும், கணிதம் விளக்கிய ஆசிரியருக்கும், மண்டபத்தைக் கூட்டிப் பூட்டும் ஐயாவுக்கும், சத்தத்தைப் பற்றி நேரில் வந்து சொல்லி எங்களை இந்த வழிக்குத் திருப்பிய அயலவர்களுக்கும் எமது நன்றி. இவ்வறிக்கையைச் சபையின் ஏற்புக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்,
கணினி விளையாட்டுப் பிரிவு,
சனசமூக நிலையம், கிளிநொச்சி மாவட்டம்.